சூப்பர் ஹீரோ விளையாட்டுகளில் வரும் மாந்திரீகக் கூட்டங்கள்: ஒரு வாசகரின் மறுமொழி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டுகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சூப்பர் ஹீரோக்களை வைத்து ஆடும் விளையாட்டு நூல்களில் மாந்திரீகக் கூட்டங்கள் வில்லன்களாக வருகின்றன, அவற்றின் சடங்குகளும் படிநிலைகளும் பக்கம் பக்கமாக விவரிக்கப்படுகின்றன, ஆகவே இவை பிள்ளைகளுக்குப் பில்லி சூனியத்தைப் பழக்கிவிடும் என்பது அக்கட்டுரையின் சாரம். பதினான்கு ஆண்டுகளாகச் சனிக்கிழமை மாலைகளில் நண்பர்கள் ஐந்தாறு பேருக்கு இத்தகைய விளையாட்டுகளை நடத்தி வருகிறேன். கட்டுரையாளரின் கவலையை நான் எள்ளி நகையாடவில்லை. அந்நூல்களில் குறை சொல்லத்தக்கது ஒன்று உண்மையாகவே இருக்கிறது. அது அவர் விரல் வைத்த இடத்தில் இல்லை என்பதால்தான் இவ்வளவு நீண்ட கடிதத்தை எழுத நேர்ந்தது.

இந்த விளையாட்டைக் கண்டிராத வாசகர்களுக்காகச் சில வரிகள். ஒருவர் கதையை நடத்துவார். அவரை கேம் மாஸ்டர் என்பார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, அந்தப் பாத்திரம் இப்போது என்ன செய்கிறது என்பதை வாயால் சொல்வார்கள். நினைத்தது நடக்குமா என்ற ஐயம் எழும்போது மட்டும் பகடை உருளும். வாளும் குகையும் பூதமுமாகத் தொடங்கிய இந்த வகையில், சூப்பர் ஹீரோக்களுக்கான நூல்கள் 1970-களின் பிற்பகுதியிலேயே அமெரிக்காவில் வரத் தொடங்கிவிட்டன. அவற்றுள் இன்றுவரை நிலைத்திருப்பது, ஜார்ஜ் மெக்டொனால்டும் ஸ்டீவ் பீட்டர்சனும் உருவாக்கி 1981-இல் ஹீரோ கேம்ஸ் வெளியிட்ட 'சாம்பியன்ஸ்'. கட்டுரையாளர் குறிப்பிட்டிருக்கும் 'டீமன்' என்ற மாந்திரீகக் கூட்டம் இந்த நூல் வரிசையைச் சேர்ந்ததுதான்.

மந்திரத்தைப் பற்றிய பயத்தை முதலில் பார்த்துவிடுவோம். சாம்பியன்ஸின் விதிமுறைகளில் ஆற்றல் வேறு, ஆற்றலின் தோற்றம் வேறு. பாத்திரத்தை உருவாக்கும்போது ஆடுபவருக்குத் தரப்படும் புள்ளிகளைச் செலவிட்டுத்தான் ஆற்றல்களை வாங்க வேண்டும். தூரத்திலிருந்து எதிரியைத் தாக்கும் ஆற்றலுக்குப் பகடை ஒன்றுக்கு 5 புள்ளி விலை. 40 புள்ளி கொடுத்தால் எட்டுப் பகடைத் தாக்குதல் கிடைக்கும். அது சூனியக்காரனின் விரல்நுனியில் எழும் கரும்பிழம்பா, இயந்திர மனிதனின் மார்பிலிருந்து பாயும் லேசர் கதிரா, வானத்து மின்னலா என்று விதிமுறை கேட்பதே இல்லை. ஆடுபவர் எப்படி வருணிக்கிறாரோ அப்படியே அது இருந்துவிட்டுப் போகும். டீமன் கூட்டத்து மந்திரவாதி ஒருவனின் பக்கத்தைத் திறந்தால் அங்கே உச்சரிக்க ஒரு மந்திரமும் கிடைக்காது, வரைய ஒரு சக்கரமும் கிடைக்காது. புள்ளிகளும் கூட்டல் கழித்தலும்தான் கிடைக்கும். என் மேசையில் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் சில மாதங்கள் ஆடினான். அவன் அந்த நூலிலிருந்து கற்றுக்கொண்டது பின்னங்களை மனத்தால் வகுப்பதைத்தான் என்று அவனுடைய தாயாரே சொன்னார்.

அப்படியானால் அக்கூட்டத்தைப் பற்றி ஒரு முழு நூல் எழுத என்ன இருக்கிறது? அதன் கட்டமைப்பு இருக்கிறது. ஊருக்கு ஊர் அதற்கு ஒரு மறைவிடம் உண்டு. அதை டீமன்ஹேம் என்கிறார்கள். ஒவ்வொரு மறைவிடத்துக்கும் மார்பேன் என்ற பட்டம் பெற்ற மந்திரவாதி ஒருவன் தலைவன். மார்பேன்களுக்கு மேலே உள்வட்டம் என்றொரு சிறு குழு, அதன் உச்சியில் லூதர் பிளாக் என்பவன். அவனுக்கும் அப்பால், மனிதர்களுக்குப் பெயர் மட்டுமே எட்டியிருக்கிற 'ஏதோம் அரசர்கள்' என்ற ஆதி சக்திகள். கடைசிப் படியில் நிற்கும் இளைஞன் வேலை போன ஆத்திரத்திலோ, காதலில் தோற்ற கசப்பிலோ, தன்னை யாரும் பொருட்படுத்தவில்லை என்ற ஏக்கத்திலோ அங்கே வந்து சேர்ந்திருப்பான். அவனிடம் சொல்லப்படும் காரணம் ஒன்று. அவனுக்கு மேலே இருப்பவனின் நோக்கம் வேறொன்று. அந்த மேலானவனும் தனக்கு மேலே உள்ளவர்களின் கணக்கை அறியாதவன். இந்த அறியாமையின் ஏணியில் கீழிருந்து மேலாக ஒவ்வொரு படியாக ஏறுவதுதான் ஆடுபவர்களின் வேலை. காணாமற்போன ஒரு மாணவியைத் தேடத் தொடங்கி, ஒரு பழைய புத்தகக் கடை, அதன் வாடகையைக் கட்டும் அறக்கட்டளை, அந்த அறக்கட்டளையில் கையெழுத்திடும் மதிப்புக்குரிய பெரிய மனிதர் என்று ஆறேழு மாலைகள் நகர்ந்தபின்பே ஹீரோக்கள் மார்பேனின் முகத்தைப் பார்ப்பார்கள். அதுவரை, தூணைப் பிடுங்கி வீசக்கூடிய வலிமையால் அவர்களுக்கு ஒரு பயனும் இருக்காது.

தனி வில்லனைக் காட்டிலும் கூட்டத்தை விளையாட்டு நூல்கள் விரும்புவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். சாம்பியன்ஸிலேயே 'வைப்பர்' என்று இன்னொரு கூட்டம் உண்டு. சீருடை, துப்பாக்கி, மாதச் சம்பளம் எல்லாம் உள்ள நவீனக் குற்ற நிறுவனம் அது. பிடிபட்ட வைப்பர் ஆள் வக்கீலைக் கூப்பிடச் சொல்வான். பிடிபட்ட டீமன் ஆள் சிரிப்பான். அவனை அடித்தும் பயனில்லை, பேரம் பேசியும் பயனில்லை. அவன் எதை நம்புகிறான் என்பதைக் கண்டுபிடித்து, அந்த நம்பிக்கையில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று காட்டினால் ஒருவேளை வாய் திறப்பான். பதினான்கு ஆண்டுகளில் என் மேசையில் நடந்த மிகச் சிறந்த உரையாடல்கள் இத்தகைய விசாரணைக் காட்சிகளில்தான் நிகழ்ந்தன, சண்டைகளில் அல்ல.

மாந்திரீகக் கூட்டத்திடம் ஆட்டத்துக்கு வசதியான இன்னொரு தன்மையும் உண்டு. சடங்குக்கு நேரம் குறிக்கப்பட்டிருக்கும். கிரகணம் விடுவதற்குள், குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட பொருளை வைத்து, குறிப்பிட்ட ஆளைக் கொண்டுதான் அதை முடிக்க முடியும். இவற்றில் ஏதேனும் ஒன்றைத் தட்டிவிட்டாலும் சடங்கு கெட்டுவிடும் என்பதால், வலிமை குறைந்த பாத்திரத்தை ஏற்றவருக்கும் செய்வதற்கு ஒரு வேலை கிடைக்கிறது. மலையைப் பெயர்ப்பவன் வாசலில் போரிட்டுக்கொண்டிருக்கையில், வெறும் பூட்டுத் திறக்கத் தெரிந்தவள் பின்கட்டு வழியாகப் போய் விளக்கை அணைத்துவிடுவாள்.

கட்டுரையாளர் கவனிக்கத் தவறிய ஒரு விதியையும் சொல்ல வேண்டும். சாம்பியன்ஸில் பாத்திரத்தை உருவாக்கும்போது, தனக்கு ஒரு பகையைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டால் ஆடுபவருக்குக் கூடுதல் புள்ளிகள் கிடைக்கும். 'ஹண்டட்' என்பது அதன் பெயர். துரத்தப்படுபவர் என்று கொள்ளலாம். ஒவ்வொரு ஆட்டத்தின் தொடக்கத்திலும் கேம் மாஸ்டர் மூன்று பகடைகளை உருட்டுவார். பகை எவ்வளவு தீவிரமானது என்று முன்பே முடிவு செய்ததற்கு ஏற்ப, கூட்டுத்தொகை 8-க்குள்ளோ, 11-க்குள்ளோ, 14-க்குள்ளோ வந்தால் அன்றைய கதையில் அந்தப் பகை தலைகாட்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் 216 வாய்ப்புகளில் முறையே 56, 135, 196. அதாவது டீமனை 14-க்குள் என்று எழுதிக்கொண்டவரின் வாசலில் பத்து மாலைகளில் ஒன்பது மாலை அந்தக் கூட்டம் நிற்கும். இதில் கவனிக்க வேண்டியது, மாந்திரீகக் கூட்டத்தில் சேர்ந்தால் வெகுமதி என்று அந்த விதி சொல்லவில்லை, அதற்கு எதிரியாக வாழ்ந்தால்தான் வெகுமதி என்கிறது என்பதே. பில்லி சூனியத்தைப் பழக்க நினைக்கும் நூல் இப்படி ஒரு விதியை வைத்திருக்க முடியாது.

கட்டுரையில் உள்ள அச்சம் புதியதன்று. அமெரிக்காவில் 1980-களில் இதே அச்சம் பெரும் இயக்கமாகவே நடந்தது. 1982-இல் தன் மகனைத் தற்கொலையில் இழந்த பட்ரிசியா புல்லிங் என்ற தாய், அதற்கு 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற, வாளும் பூதமுமான மேசை விளையாட்டே காரணம் என்று நம்பினார். வழக்குத் தொடர்ந்தார், அது தள்ளுபடியானது. பிறகு ஓர் அமைப்பைத் தொடங்கி நாடெங்கும் பேசினார். அந்தத் தாயின் துயரத்தைப் பழிக்க எனக்கு மனம் வராது. ஆனால் அவர் முன்வைத்த ஆதாரங்களை, விளையாட்டு நூல்களை எழுதியவரான மைக்கேல் ஸ்டாக்போல் 1990-இல் ஒரு விரிவான அறிக்கையில் ஒவ்வொன்றாகச் சோதித்து, அவற்றில் உள்ள பிழைகளைக் காட்டினார். அதற்குள் அந்த விளையாட்டை வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனம் அஞ்சிப்போய், 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் பேய், பிசாசு என்ற சொற்களையே நீக்கி, பிறகு அவற்றுக்குத் தனாரி, பாட்டெஸு என்று வாயில் நுழையாத பெயர்களைச் சூட்டியது. பேய்கள் அப்படியே இருந்தன. பெயர்ப்பலகை மட்டும் மாறியது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் பழைய சொற்கள் திரும்பி வந்துவிட்டன. நாற்பது ஆண்டுகளுக்கு முன் அங்கே எழுந்து அடங்கிய புழுதியை நாம் இங்கே மீண்டும் கிளப்ப வேண்டுமா என்பதே என் தயக்கம்.

இனி உண்மையான குறைக்கு வருகிறேன். மாந்திரீகக் கூட்டத்துக்கு ஓர் உடை வேண்டும். ஒரு தெய்வம், ஒரு மொழி, ஒரு பழமை வேண்டும். அதை எழுத்தாளர்கள் சொந்தமாகக் கற்பிக்கலாம். பெரும்பாலும் அவர்கள் கடன் வாங்குகிறார்கள். 2002-இல் ஸ்டீவ் கென்சன் எழுதி கிரீன் ரோனின் வெளியிட்ட 'மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ்' விளையாட்டின் உலகில் 'ஷேடோ' என்ற கூட்டத்தின் தலைவன், பழைய எகிப்தில் மந்திரவாதியாக இருந்து மீண்டும் மீண்டும் பிறந்து வந்து, ஒரு பிறவியில் நாஜியாகவும் இருந்தவன். எகிப்தின் பழைய தெய்வங்களுக்கு இன்று கோயில் வைத்துக் கும்பிடும் பெருங்கூட்டம் இல்லாததால் அதில் யாருக்கும் பெரிய வலி இல்லை. நாஜிகளுக்காகப் பரிந்து பேச எனக்கு விருப்பமும் இல்லை. நான் மேலே சொன்ன ஏதோம் அரசர்கள் என்ற பெயரின் கதை சற்று நுட்பமானது. விவிலியத்தின் ஆதியாகமம் 36-ஆம் அதிகாரத்தில், இஸ்ரவேலில் அரசர் தோன்றுவதற்கு முன் ஏதோமை ஆண்டவர்களின் பட்டியல் ஒன்று வருகிறது. இந்த உலகத்துக்கு முன் தோன்றி அழிந்துபோன உலகங்களின் குறியீடாக யூதர்களின் கபாலா என்ற மறைஞான மரபு அந்தப் பட்டியலை வாசிக்கிறது. டீமனுக்கு அந்தப் பெயரைத் தேர்ந்தவர் ஓரளவேனும் படித்துவிட்டுத்தான் தேர்ந்திருக்கிறார் என்பது தெரிகிறது.

இந்தியாவுக்கு வரும்போது அந்தப் படிப்பு காணாமற்போய்விடுகிறது. சூப்பர்மேன், பேட்மேன் படக்கதைகளை வெளியிடும் அமெரிக்க நிறுவனமான டிசி காமிக்ஸில் 1976-இல் தோன்றிய 'கோப்ரா' என்ற வில்லனின் கதை இது: ஒட்டிப் பிறந்து பிரிக்கப்பட்ட இரட்டையரில் ஒருவனை, இந்தியாவில் நாகத்தை வணங்கும் ஒரு ரகசியக் கூட்டம் குழந்தையிலேயே திருடிச் சென்று தன் தலைவனாக வளர்க்கிறது. பிற்பாடு அந்தக் கூட்டத்தின் நோக்கமே கலியுகத்தைக் கொண்டுவருவது என்று ஆனது. டிசி உலகம் 1985-இலும் 2010-இலும் மேசை விளையாட்டாக வந்தபோது இத்தகைய வில்லன்களும் மேசைக்கு வந்து சேர்ந்தார்கள். கலியுகத்தை ஒருவர் பாடுபட்டுக் கொண்டுவர வேண்டியதில்லை, அது கி.மு. 3102-இலேயே தொடங்கிவிட்டது என்று நம் வீட்டுச் சுவரில் தொங்கும் பஞ்சாங்கமே கலி ஆண்டைக் கணக்கிட்டுச் சொல்லும். போதாக்குறைக்கு, ஆங்கில எழுத்தில் கலியும் காளியும் ஒன்றுபோலவே தோன்றுவதால், கலியுகம் என்றால் காளியின் யுகம் என்று எண்ணிக்கொள்ளும் ஆட்டக்காரர்களை நானே சந்தித்திருக்கிறேன். குறிலும் நெடிலும் தெரிந்த தமிழ்க் குழந்தைக்கு இந்தக் குழப்பம் வராது.

காளியின் பெயரால் கொலை செய்யும் கூட்டம் என்ற உருவத்துக்குப் பின்னே காலனி ஆட்சியின் ஒரு வரலாறே இருக்கிறது. 1830-களில் வில்லியம் ஸ்லீமன் என்ற ஆங்கில அதிகாரியின் தலைமையில், வழிப்போக்கரைக் கொன்று கொள்ளையடித்ததாகச் சொல்லப்பட்ட தக்கர்கள் வேட்டையாடப்பட்டார்கள். 1836-இல் இயற்றப்பட்ட சட்டம், இன்ன கொலையைச் செய்தான் என்று மெய்ப்பிக்கத் தேவையில்லை, தக்கர் கூட்டத்தில் இருந்தான் என்று மெய்ப்பித்தாலே வாழ்நாள் சிறை என்றது. வழிப்பறிக் கொள்ளையர் இருந்தது உண்மை. அவர்கள் அனைவரும் ஒரே தெய்வத்தின் ஒரே ரகசிய மதத்தினராகக் கட்டுப்பட்டிருந்தார்கள் என்பதை வரலாற்றாசிரியர்கள் பலர் இன்று ஐயுறுகிறார்கள். ஆனால் லண்டனின் சாகசக் கதைகளுக்கு அந்தக் கட்டுப்பாடான ரகசிய மதம்தான் தேவைப்பட்டது. அங்கிருந்து அது படக்கதைக்கும், படக்கதையிலிருந்து விளையாட்டு நூலுக்கும் கைமாறி வந்திருக்கிறது.

என் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு நூலில் கண்ட காளிக் கூட்டத்துக் கதை ஒன்றை, அதிகம் யோசிக்காமல் அப்படியே எடுத்து நடத்தினேன். மண்டையோட்டு மாலை, செந்தீ, நரபலி எல்லாவற்றையும் உற்சாகமாக வருணித்துக்கொண்டிருந்தபோது, ஆடிக்கொண்டிருந்த நண்பர் ஒருவர் பகடைகளை மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டு, "எங்க குலதெய்வம்ங்க அவ. ஆடி மாசம் கூழ் ஊத்திட்டு வந்திருக்கேன்," என்றார். கோபப்படவில்லை. அதன்பின் அன்று ஆட்டம் தொடரவும் இல்லை. ஏழு வயதிலிருந்து புற்றுக்குப் பால் ஊற்றப் பாட்டியுடன் போய் வந்த நான், நாகத்தை வணங்குவோர் கொலைகாரர்கள் என்று அச்சிட்ட பக்கத்தை எந்த நெருடலும் இல்லாமல் சத்தம் போட்டு வாசித்திருக்கிறேன். அச்சில் ஆங்கிலத்தில் இருந்ததால் அது நம்மைப் பற்றியது என்றே எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த வாரம் அந்தக் கதையைத் திருத்தினேன். கூட்டத்தின் கட்டமைப்பில் கைவைக்கவில்லை. படிநிலைகள், பொய்க் காரணங்கள், கிரகணத்தில் முடிய வேண்டிய சடங்கு எல்லாம் அப்படியே இருந்தன. தெய்வத்தை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தன்னைத்தானே தெய்வமாக்கிக்கொள்ள விரும்பும் ஒரு செல்வந்தரையும் அவருடைய தியான மையத்தையும் வைத்தேன். கதை முன்னைவிட நன்றாகவே ஓடியது. பகடையைக் கீழே வைத்த நண்பர்தான் கடைசியில் அந்தச் செல்வந்தரின் கணக்குப் புத்தகத்தைத் திருடி வந்து சடங்கைக் கெடுத்தார். அங்கியணிந்து வாசலில் காவல் நின்ற பிள்ளைகளை ஹீரோக்கள் அடித்து நொறுக்கவில்லை. கொல்லாமை நெறி பூண்ட பாத்திரம் என்று எழுதிக்கொண்டாலும் சாம்பியன்ஸில் புள்ளி கிடைக்கும்; அன்று மூன்று பேர் அந்த நெறியை எழுதியிருந்தார்கள். ஆகவே அந்தப் பிள்ளைகளைப் பேசி வீட்டுக்கு அனுப்ப ஒரு முழு மாலை செலவாயிற்று.

இதனிடையே நமக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை மறைக்கக் கூடாது. இலெமூரியா என்ற பெயரை 1864-இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் வைத்தது, லெமூர் என்ற விலங்கு மடகாஸ்கரில் இருப்பதற்கும் அதன் உறவு விலங்குகள் இந்தியாவில் கிடைப்பதற்கும் விளக்கம் தேடி. பிறகு பிரம்மஞான சபையினர் அதை மறைஞானக் கண்டமாக்கினார்கள். நாம் அதைக் குமரிக்கண்டத்தோடு சேர்த்துவைத்தோம். சாம்பியன்ஸின் உலகில் அதே இலெமூரியா, பழைய மந்திர இயந்திரங்களைக் கையாளும் கடலடிப் பகைநாடாக இருக்கிறது. அதைப் பார்த்து என் மேசையில் ஒருவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். அந்த வருத்தத்தை நான் காளிக்கு நேர்ந்ததோடு ஒப்பிட மாட்டேன். ஒரு விலங்கியலாளரின் ஊகத்தை இரண்டு தரப்பும் கடன் வாங்கியிருக்கும்போது உரிமைச் சண்டை போட யாருக்கும் இடமில்லை.

கட்டுரையாளரிடம் நான் வேண்டுவது, அடுத்த முறை இந்நூல்களைப் பற்றி எழுதும்போது, இதில் சூனியம் இருக்கிறதா என்ற கேள்வியோடு நிறுத்திக்கொள்ளாமல், இந்தக் கூட்டத்துக்கு யாருடைய தெய்வத்தின் முகம் மாட்டப்பட்டிருக்கிறது என்றும் கேட்க வேண்டும் என்பதே. பெற்றோர்களும் அதைக் கேட்கலாம். நான் கேட்கத் தொடங்கியது காலந்தாழ்ந்துதான்.

கடைசியாக ஒரு திருத்தம். சாம்பியன்ஸ் ஒரு கணினி விளையாட்டு என்று கட்டுரையில் அச்சாகியிருக்கிறது. 1981-இல் வந்தது புத்தகமும் பகடையும் கொண்டு ஆடும் மேசை விளையாட்டு. அதே உலகை வைத்து கிரிப்டிக் ஸ்டூடியோஸ் உருவாக்கி 2009-இல் வெளிவந்த 'சாம்பியன்ஸ் ஆன்லைன்' என்பதுதான் கணினி விளையாட்டு. வாய்ப்பிருந்தால் இதைப் பிழைதிருத்தப் பகுதியில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கோயம்புத்தூர்.